கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பௌதிகவியல்: உயர்தரத்தில் படித்தது போதுமா?

பாடப்பரப்பில் பாதி தெரிந்ததாகவே இருக்கும். அதை நம்பி விரிவுரைகளைத் தவறவிடாதீர்கள். உயர்தரத்தில் சூத்திரமாக வந்தவை இங்கே வகையிடல், தொகையிடல் வழியாக வரும், அதுவும் ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் முதல் மாதத்திலேயே கலைச்சொற்களை இரு மொழியிலும் எழுதிவையுங்கள்.

இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணிநேரக் கற்றல். இரண்டு கிரெடிட் விரிவுரைப் பாடத்தில் வகுப்பு ஏறத்தாழ 30 மணிநேரம்தான். மீதி 70 உங்கள் பொறுப்பு. வரவுக்கு வழமையாக 80 சதவீதம் கேட்பார்கள், சரியான விதியைப் பீடக் கைநூலில் பாருங்கள்.

அதிகம் பேர் புள்ளி இழப்பது ஆய்வுகூடத்தில், காரணம் வழுக் கணிப்பு, அதாவது அளவீடு எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று கணிப்பது. எளிய ஊசலை எடுங்கள். நிறுத்தற்கடிகாரத்தை அழுத்தும் கை சுமார் 0.2 செக்கன் பிசகும். ஒரு மீற்றர் ஊசலின் அலைவுகாலம் 2 செக்கன். ஓர் அலைவை மட்டும் அளந்தால் வழு 10 சதவீதம். ஊசலின் சூத்திரத்தில் காலம் வர்க்கமாக வருவதால் புவியீர்ப்பு ஆர்முடுகலில் அது 20 ஆகிவிடும். 20 அலைவுகளை அளந்தால் அதே கை 1 சதவீதத்துக்குள் விடை தரும். இதை அறிக்கையில் எழுதாமல் 9.81 என்று மட்டும் போடுவது பயனற்றது.

வாசிப்புகளைப் பேனாவால் நேரடியாகப் பதிவேட்டில் எழுதுங்கள். பிழையானதை ஒரு கோட்டால் வெட்டுங்கள், அழிக்க வேண்டாம். சேர்ந்து அளந்தாலும் கணிப்பும் வரைபும் தனித்தனியாகவே இருக்க வேண்டும். பார்த்தெழுதினால் இருவருக்கும் புள்ளி போகும்.