பட்டறைப் பள்ளியில் இடம் கிடைக்குமா? யார் பணம் கட்டுகிறார்கள்?

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பல ஊர்கள் சேர்ந்து நடத்தும் வட்டாரத் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிகள் பற்றி அங்குள்ள வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: வெஸ்ட்பரோவில் வசிக்கிறோம். மகன் எட்டாம் வகுப்பு. லெக்சிங்டனில் உள்ள மினிட்மேன் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாமா?

முதலில் உங்கள் ஊர் எந்த வட்டாரத்தில் உறுப்பு என்று பாருங்கள். வெஸ்ட்பரோ இருப்பது அசபெட் வேலி வட்டாரத்தில். பள்ளி மார்ல்பரோவில் உள்ளது. மகனின் விண்ணப்பம் போகவேண்டிய இடம் அதுதான். மினிட்மேன் என்பது லெக்சிங்டன், ஆக்டன், ஆர்லிங்டன், கான்கார்டு, நீடம் உள்ளிட்ட சில ஊர்கள் சேர்ந்து நடத்தும் பள்ளி. அங்கே உறுப்பு ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை.

எந்தத் தொழிற்கல்வி வட்டாரத்திலும் சேராத ஊரில் இருப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. வெளியூர் மாணவர் படிவத்தை ஏப்ரல் 1க்குள் தங்கள் ஊர்ப் பள்ளிக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். சேர விரும்பும் பள்ளிக்கு விண்ணப்பித்தாலே போதும் என்று இருந்துவிட்டால் வருடம் போய்விடும். கட்டணத்தையும் பேருந்துச் செலவையும் ஏற்கப்போவது சொந்த ஊர் என்பதால் அதன் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது. அதே பாடப்பிரிவு ஊர் உயர்நிலைப் பள்ளியிலேயே இருந்தால் மறுக்கவும் செய்வார்கள்.

கேள்வி: மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் எடுக்கிறார்களா? இப்போது குலுக்கல் என்கிறார்களே?

நெடுங்காலமாக மதிப்பெண், வருகை, ஒழுங்கு நடவடிக்கைப் பதிவு, ஆசிரியர் பரிந்துரை, நேர்காணல் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு வரிசைப்படுத்தித்தான் எடுத்தார்கள். கையால் வேலை கற்க வரும் பிள்ளையை ஏட்டுப் படிப்பின் மதிப்பெண்ணால் வடிகட்டுவது எனக்கு எப்போதுமே விந்தையாகத்தான் படுகிறது. இந்த வடிகட்டலில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் அதிகமாக வெளியே நின்றார்கள். 2021இல் மாநிலக் கல்வி வாரியம் விதியை மாற்றி, எந்தப் பிரிவினரையும் விகிதத்துக்கு மீறி விலக்கும் அளவுகோல் கூடாது என்றது. அளவுகோலைத் தீர்மானிக்கும் பொறுப்பு பள்ளிகளிடமே இருந்ததால் பல இடங்களில் பழைய புள்ளி முறை தொடர்ந்தது. 2023இல் மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவுக்குப் புகார் போனது. 2025 மே மாதம் வாரியம், இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல் என்று வாக்களித்தது. 2026-27 சேர்க்கையை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. உங்கள் பள்ளி இந்த ஆண்டுக்கு வெளியிட்டிருக்கும் சேர்க்கைக் கொள்கையை இணையத்தில் வரி வரியாகப் படியுங்கள். வருகையும் ஒழுக்கப் பதிவும் அதில் எப்படி வருகின்றன என்று கவனியுங்கள். போன வருடம் சேர்ந்த பிள்ளையின் பெற்றோர் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

குலுக்கல் வந்தாலும் ஒரு இருக்கைகூட அதிகமாகாது. வெல்டிங் சாவடி எத்தனையோ அத்தனை பேர்தான் ஒரு நேரத்தில் பற்றவைக்கலாம். ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே ஓர் ஆசிரியர் கண்பார்வையில் வைத்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு வாரம் பட்டறை, ஒரு வாரம் வகுப்பறை என்று மாற்றி மாற்றி நடத்துவதால்தான் ஒரே பட்டறையில் இரண்டு அணிகள் கற்க முடிகிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கட்டடம்தான் எழுப்ப வேண்டும்.

கேள்வி: பள்ளியின் செலவு அவ்வளவாக ஏறவில்லை, ஆனால் எங்கள் ஊர் கட்டவேண்டிய பங்கு மட்டும் எகிறியிருக்கிறது. ஏன்?

அக்டோபர் 1 தலைக்கணக்கு. அன்று பதிவேட்டில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கொண்டுதான் பெரும்பாலும் அடுத்த ஜூலையில் தொடங்கும் நிதியாண்டின் பங்கு கணக்கிடப்படும். 600 பேரில் உங்கள் ஊரார் 30 பேர் என்றால் 5 விழுக்காடு. அது 36 ஆனால் 6 விழுக்காடு. மொத்தச் செலவு அப்படியே நின்றாலும், தலைக்கணக்கில் பிரியும் தொகையில் உங்கள் பங்கு ஐந்தில் ஒரு மடங்கு ஏறிவிடும். சின்ன ஊர்களை இது ஆட்டிவைக்கும்.

ரசீதில் நான்கு உருப்படி இருக்கும்: மாநிலம் நிர்ணயிக்கும் குறைந்தபட்சப் பங்கு, அதற்கு மேலான நடைமுறைச் செலவு, போக்குவரத்து, கட்டடக் கடன். முதல் உருப்படியை நிர்ணயிப்பது மாநிலச் சூத்திரம்; ஊரின் சொத்து மதிப்பும் வருமானமும் அதில் சேரும். போக்குவரத்தில் ஒரு பகுதியை மாநிலம் திருப்பித் தரும். எவ்வளவு என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஊர் வாக்காளர்கள் கூடிச் செலவை முடிவுசெய்யும் டவுன் மீட்டிங்கில் கேள்வி கேட்க விரும்பினால் வட்டாரத்தின் உபரி நிதியைக் கேளுங்கள். பட்ஜெட்டில் 5 விழுக்காட்டுக்கு மேல் சேர்ந்தால் மிச்சத்தை ஊர்களின் பங்கைக் குறைக்கப் பயன்படுத்தியாக வேண்டும். உங்கள் ஊர் மட்டும் மறுத்தால் பட்ஜெட் நிற்காது. மூன்றில் இரண்டு பங்கு ஊர்கள் ஏற்றால் போதும்.

கேள்வி: மினிட்மேனிலிருந்து சில ஊர்கள் விலகியது எதனால்?

கட்டடக் கடன். பழைய கட்டடத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 14.5 கோடி டாலரில் 628 பேருக்கான புதிய பள்ளி என்று திட்டம். பட்ஜெட்டைப் போல அல்லாமல், கடனுக்கு ஓர் ஊர் மறுத்தாலும் தடைதான். பெல்மான்ட் 2016இல் மறுத்தது. சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது: எல்லா உறுப்பு ஊர்களிலும் ஒரே நாளில் வாக்கெடுப்பு நடத்தி மொத்த வாக்கில் பெரும்பான்மை பெறுவது. 2016 செப்டம்பரில் அப்படித்தான் நிறைவேறியது. விரல்விட்டு எண்ணும் அளவே பிள்ளைகளை அனுப்பிவந்த வெஸ்டன், வேலண்ட், லிங்கன் போன்ற ஊர்கள் விலகின. பெல்மான்ட்டும் பிறகு வெளியேறியது. 2019இல் புதிய கட்டடம் திறந்ததும் கேட்டு வருபவர் கூட்டம் பெருகி, உறுப்பு ஊர்ப் பிள்ளைகளே இருக்கைகளை நிரப்பத் தொடங்கினார்கள். விலகிய ஊர்களின் பிள்ளைகள் இப்போது வெளியூர்க்காரர்கள்.

கேள்வி: மகள் எலெக்ட்ரிகல் எடுக்க நினைக்கிறாள். பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டா?

ஒதுக்கீடு கிடையாது. தொழிற்கல்விக்கு மத்திய நிதி தரும் 2018இன் பெர்கின்ஸ் சட்டப்படி, வேலை செய்வோரில் ஒரு பாலினத்தார் 25 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும் தொழிலை அந்தப் பாலினத்தாருக்கு ‘வழக்கத்துக்கு மாறான துறை’ என்று வகைப்படுத்துவார்கள். அதில் சேர்பவர்களுக்கு உதவ மத்திய நிதியைச் செலவிடலாம். உங்கள் மகளுக்கு முக்கியம் ஒன்பதாம் வகுப்பின் முற்பகுதி: பல பட்டறைகளைச் சுற்றிப் பார்த்து வேலை செய்து, பிறகுதான் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். எலெக்ட்ரிகலுக்குப் போட்டி எப்போதும் அதிகம். சுற்றில் ஒவ்வொரு பட்டறையிலும் கிடைக்கும் மதிப்பீடு இடம் ஒதுக்கும்போது கணக்கில் வருமா என்று கைடன்ஸ் கவுன்சிலரிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். இரண்டாவது, மூன்றாவது விருப்பத்தையும் யோசித்தே எழுதச் சொல்லுங்கள்.