நனைந்த பாய்க்கு அடி எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. நான்கு வயதிலேயே இரவில் படுக்கையை நனைப்பது நின்றுவிட்டது. எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பிரசவத்துக்காக நான் அம்மா வீட்டில் இருந்தபோது, பள்ளிக்கூடம் கெடக்கூடாது என்று அவனை அப்பத்தாவிடம் விட்டிருந்தோம். நான் திரும்பி வந்ததிலிருந்து வாரத்தில் நான்கைந்து நாட்கள் பாயை நனைக்கிறான். நனைந்த டவுசரைப் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டு, 'நான் போகலை' என்று சாதிக்கிறான். பொய் சொன்னதற்காக என் கணவர் அடிக்கிறார். அடித்து முடித்ததும் மாமியார் அவனை மடியில் போட்டுக்கொண்டு செல்போனைக் கொடுத்துவிடுகிறார். அடித்தால்தான் திருந்துவானா?
— ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. படுக்கையை நனைப்பது உறக்கத்தில் அவன் அறியாமல் நடப்பது. டவுசரை ஒளிப்பது அவன் அறிந்து செய்வது. முன்னதற்கு அடிப்பதால் எந்தப் பயனும் இல்லை. பின்னதோ அடிக்குப் பயந்து பிறந்தது.

உடம்பை முதலில் பார்ப்போம். ஆறு மாதங்களுக்கு மேல் நனைக்காமல் இருந்த குழந்தை மீண்டும் நனைக்கத் தொடங்கினால், காரணத்தைத் தேடாமல் விடக்கூடாது. சிறுநீர்ப் பரிசோதனை செய்து, தொற்றும் சர்க்கரையும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதிகத் தாகம், உடல் மெலிவு, அடிக்கடி சிறுநீர் போவது ஆகியவை சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் சில வேளைகளில் இப்படித்தான் தலைகாட்டும். அடுத்தது மலச்சிக்கல். பெரும்பாலான வீடுகளில் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. குடலின் கடைசிப் பகுதியில் மலம் இறுகித் தேங்கினால், முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அது நெருக்கும். பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கு அஞ்சி நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டு, மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும் பிள்ளைகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். பகலில் தண்ணீரைப் பரவலாகக் குடிக்க வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறையுங்கள். படுக்கும் முன் கழிப்பறைக்கு அனுப்புங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால், வீட்டில் நடந்திருக்கும் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். அம்மா சில மாதங்கள் இல்லை. திரும்பி வந்தபோது மடியில் வேறொரு குழந்தை. ஏழு வயதில் இதைச் சொல்வதற்கு வார்த்தை கிடைக்காது. நீங்கள் இல்லாத நாட்களில் பள்ளியிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது அவனை மிரட்டினார்களா, தவறாகத் தொட்டார்களா என்பதையும் தனிமையில், பதற்றம் காட்டாமல் கேளுங்கள்.

இனி அடிக்கு வருகிறேன். இதே சிக்கலுடன் வந்த ஒரு சிறுவனிடம், "ராத்திரி பாய் நனைஞ்சுதா?" என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வலது கையைப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றான். உண்மையைச் சொன்னாலும் அடி, சொல்லாவிட்டால் தப்பிக்கச் சிறிது வாய்ப்பு என்றால், புத்தியுள்ள எந்தக் குழந்தையும் பொய்யைத்தான் தேர்ந்தெடுக்கும். 'அடியாத மாடு படியாது' என்பார் உங்கள் கணவர். அடிக்கப்பட்ட பிள்ளைகள் அந்த நேரத்துக்குப் படிவதும் உண்மைதான். ஆனால், 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 75 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அடி வாங்கி வளர்ந்த பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கல்களும் கூடுதலாகவே தென்பட்டன. பின்னாளில் நல்லொழுக்கம் கூடியதற்குச் சான்று இல்லை. முரட்டுப் பிள்ளைகள்தாம் அதிகம் அடி வாங்குகிறார்களோ என்ற கேள்வி எழும். அதற்கும் ஓரளவு இடமிருக்கிறது. ஆயினும் அடி பயன் தந்தது என்று காட்ட அது போதாது. பள்ளிகளில் உடல் தண்டனையை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆசிரியருக்குக் கூடாதது அப்பாவுக்கு மட்டும் எப்படி ஆகும் என்று எனக்குப் புரியவில்லை.

அதற்காக, மாமியார் செய்வதுதான் சரி என்றும் சொல்ல மாட்டேன். கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1960களில் குடும்பங்களை ஆராய்ந்த உளவியலாளர் டயானா பௌம்ரிண்ட், வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார்: காரணம் சொல்லாமல் கீழ்ப்படியச் சொல்லும் அதிகார வளர்ப்பு, எதையும் தடுக்காத செல்ல வளர்ப்பு, வரம்பை உறுதியாக வைத்துக்கொண்டு அதன் காரணத்தையும் அன்போடு விளக்கும் வளர்ப்பு. மூன்றாவது முறையில் வளர்ந்த பிள்ளைகளே தன்னடக்கத்திலும் தன்னம்பிக்கையிலும் முன்னால் நின்றார்கள். அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் கணக்கு நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், அது நியாயமான கேள்வியே. 1994இல் உளவியல் ஆய்வாளர் ரூத் சாவ், சீனக் குடும்பங்களின் கண்டிப்பை அதே தராசில் நிறுக்க முடியாது என்றும், அதனுள் அக்கறையும் உழைப்பும் கலந்திருக்கின்றன என்றும் எழுதினார். நம் வீட்டுக் கண்டிப்பிலும் அது உண்டு. உங்கள் வீட்டின் சிக்கல் வேறு: கண்டிப்பு முழுவதும் அப்பாவிடமும், கனிவு முழுவதும் அப்பத்தாவிடமும் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. அவனுக்கு இரண்டும் ஒரே ஆளிடமிருந்து கிடைக்க வேண்டும். அடிக்குப் பின் செல்போன் என்பது அவனுக்கு ஆறுதல்கூட இல்லை. அழுகையை அடைக்கும் ஒரு பொருள்.

ஆகவே, அவன் உறங்கிய பிறகு பெரியவர்கள் மூவரும் உட்கார்ந்து பேசுங்கள். நனைந்த பாய்க்கு அடியோ, கேலியோ, உறவினர் முன் சொல்லிக்காட்டுவதோ இல்லை என்பது முதல் முடிவாக இருக்கட்டும். இதை அவனிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். நீங்கள் சொன்னால் அவன் நம்ப மாட்டான். காலையில் நனைந்த துணியை அவனே எடுத்து வாளியில் போடட்டும். அதைத் தண்டனையாக அல்ல, பல் துலக்குவதைப் போன்ற ஒரு வேலையாக வையுங்கள். நனையாத இரவுக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். அது அவன் கையில் இல்லை. படுக்கும் முன் கழிப்பறைக்குப் போனதற்கும், துணியை ஒளிக்காமல் கொண்டுவந்ததற்கும் பாராட்டுங்கள். மாமியார் கைக்குழந்தையை அரை மணி நேரம் வைத்துக்கொள்ள, அந்த நேரம் நீங்கள் அவனுடன் மட்டும் இருங்கள். அப்பத்தாவின் கனிவுக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

பரிசோதனைகள் சரியாக இருந்து, இவற்றைச் செய்தும் இரண்டு மூன்று மாதங்களில் குறையவில்லையென்றால், ஈரம் பட்டதும் ஒலித்து எழுப்பும் கருவியும், தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கின்றன; குழந்தை நல மருத்துவர் பார்த்துச் சொல்வார். அன்று உங்கள் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.