கேள்வி பதில்: கப்பல் மூழ்கினால் கடனும் மூழ்கும்

கேள்வி: மகனுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கும்போது வந்த சந்தேகம். மலையும் பாறையுமாகக் கிடந்த கிரேக்கர்கள் எப்படி அத்தனை நாடுகளோடு வியாபாரம் செய்தார்கள்?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மலையும் பாறையுமாகக் கிடந்ததால்தான், சகோதரி! அந்தச் சரிவுகளில் ஆலிவும் திராட்சையும் நன்றாக வரும், கோதுமைக்குத்தான் நிலம் போதாது. ஏதென்ஸ் போன்ற பெரிய ஊருக்குச் சாப்பாட்டுத் தானியமே கருங்கடலின் வடகரை, எகிப்து, சிசிலி என்று வெளியிலிருந்து வந்தாக வேண்டும், அதற்கு ஈடாக எண்ணெயும் ஒயினும் சாடி சாடியாகப் போகும். மலையேறிப் போவதைவிடக் கப்பல் சுலபம், ஏஜியன் கடலில் தீவுக்குத் தீவு கண்ணுக்கே தெரியும். போன இடங்களில் குடியேறவும் செய்தார்கள். பிரான்சின் மார்சேய் கி.மு. 600 வாக்கில் அவர்கள் அமைத்த துறைமுகம்தான்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய விஷயமாகப் படுவது அவர்களின் கப்பல் கடன். கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் வழக்கு ஒன்றில் ஒரு கடன் பத்திரம் வருகிறது. கடன் 3,000 டிராக்மா (கிரேக்கர்களின் வெள்ளிக்காசு), ஈடு மெண்டே என்ற கிரேக்க ஊரின் ஒயின் 3,000 சாடி, வட்டி ஆயிரத்துக்கு 225. ஆனால் ஆர்க்டூரஸ், அதாவது நம் சுவாதி நட்சத்திரம், விடியலில் எழத் தொடங்கிய பிறகு கருங்கடலை விட்டுக் கிளம்பினால் 300, ஏனென்றால் அப்புறம் புயல் காலம். கப்பல் மூழ்கிவிட்டால் கடனைத் திருப்பித் தரவே வேண்டாம்! வட்டிக்குப் பணம் கொடுத்த நம் பினாங்கு ஸ்ட்ரீட் செட்டியார் கிட்டங்கியில் போய் இப்படி ஒரு கடன் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்குமோ. பணம் போட்டவரும் நஷ்டத்தில் பங்கெடுத்ததால்தான் கைக்காசு அதிகமில்லாத வியாபாரிகூடத் துணிந்து கப்பலேறினான்.

கேள்வி: நம் தமிழகத்துக்கும் இப்படிக் கடன் வாங்கித்தான் வந்தார்களா?
- வாசகர், செந்தூல்

பதில்: வந்திருக்கிறார்கள். எகிப்தில் கிடைத்து இப்போது வியன்னாவில் இருக்கும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் தாள் ஒன்று, கிரேக்க மொழியில், சேர நாட்டுத் துறைமுகமான முசிறிக்குப் போகும் பயணக் கடனைப் பற்றிப் பேசுகிறது. அதன் மறுபக்கத்தில் ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைப் பக்கத்துச் சடாமாஞ்சில் என்ற வாசனை வேர் 60 பெட்டி, யானைத் தந்தம், இன்னும் சில. அப்போது எகிப்தில் ஆட்சி ரோமர்களுடையது. பழைய ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்தில் 2 சதவீதம்தான் சுங்கம், இவர்களோ இந்தியச் சரக்குக்குக் கால் பங்கைச் சுங்கமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதைக் கட்டிய பிறகும் லாபம் நின்றதால்தான் மறுபடி மறுபடி வந்தார்கள்.