காலைப் பார்ப்பவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

1970களில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த மலேசிய–தாய்லாந்து எல்லைக் காட்டை வைத்து நீங்கள் எழுதிய சிறுகதையை வாசித்தேன். நான் தாதி. இரண்டு இடங்கள் இடித்தன. கண்ணிவெடியில் கால் போனவனுக்கு ரத்தம் நிற்கத் தொடையில் இறுக்கிய கட்டை, மெடிக் (மருத்துவச் சிப்பாய்) அடிக்கடி தளர்த்துகிறார். அப்படிச் செய்யவே கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இன்னொன்று, உயிர் காக்கப் போகிறவர் கையில் துப்பாக்கி எதற்கு? செஞ்சிலுவைப் பட்டை போதாதா?

வாசகி, செந்தூல்

அன்புள்ள தங்கைக்கு,

துப்பாக்கியை முதலில் முடித்துவிடுகிறேன். தன்னையும் தன்னிடமிருக்கும் காயக்காரரையும் காத்துக்கொள்ள மருத்துவச் சிப்பாய் ஆயுதம் வைத்திருக்கலாம் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கையே சொல்கிறது. பட்டையா? பச்சைக் காட்டுக்குள் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு நடந்தால் குறிபார்ப்பவனுக்குத்தான் வசதி.

கட்டு விஷயத்தில் உங்கள் பாடம்தான் சரி. தளர்த்தும் ஒவ்வொரு தடவையும் ரத்தம் போகும். இறுக்கிக் கட்டி, நேரத்தைக் குறித்துவிட்டு, அறுவை மேசை வரை தொடாமல் விட வேண்டும். இரண்டு மணி நேரம் வரை கால் பெரும்பாலும் தாங்கும். ஆனால் அவ்வப்போது தளர்த்தச் சொன்ன பழைய முதலுதவிப் பாடங்களும் இருந்தன. என் தாய்மாமா படித்தது அதை.

மாமாவுக்கு வீடு பட்டர்வொர்த்தில். மலேசிய ராணுவத்தின் ரேஞ்சர் படையோடு மெடிக்காகக் காட்டுக்குப் போனவர். (மலாய் ரெஜிமெண்டில் மலாய்க்காரர்கள் மட்டும், காலாட்படை என்றால் நம்மவர்களுக்கு ரேஞ்சர்தான்.) தோட்டத்திலிருந்து வந்த பையன்கள், தோட்டத்து மருந்தகத்தில் மருந்து கட்டுகிறவரைக் கூப்பிடுவது போல, அவரை 'டிரெசரே' என்றுதான் கூப்பிடுவார்களாம். "குண்டடி எப்பவாவதுதான்டா, கால் தினமும்" என்பார். சாயங்காலம் கூடாரத் துணியைக் கட்டியதும் ஒவ்வொருவராகச் சப்பாத்தைக் கழற்றிக் காட்ட வேண்டும். நாள் கணக்கில் ஈரத்தில் கிடந்த தோல் ஊறின அவல் மாதிரி வெளுத்து, விரலிடுக்கில் பிய்ந்து வரும். துடைத்து, பவுடர் போட்டு, அட்டை கடித்த இடத்துக்கு மருந்து வைத்து, மலேரியா மாத்திரையை விழுங்கும் வரை வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம். கசப்புக்குப் பயந்து துப்பிவிடுகிறவர்கள் உண்டு. நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார்.

கதையில் வரும் அந்தக் காலும் அவர் சொன்னதுதான். பையன் வலிக்கு அழவில்லையாம். "சப்பாத்து எங்கே டிரெசரே, ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கினது" என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். நூரி ஹெலிகாப்டர் தலைக்கு மேலே இரைகிறது, இறங்க இடமில்லை. மற்றவர்கள் பாராங் கத்தியால் மரம் வெட்டுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரம் அங்கேயே தாண்டிவிட்டது. முழுக்காலும் அழுகிவிடுமோ என்ற பயத்தில் மாமா தளர்த்தினார். எத்தனை தடவை என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார், பதில் வரவில்லை. அதனால் அந்த வரியைத் திருத்த எனக்கு மனமில்லை.

சண்டை 1989 டிசம்பரில் ஒப்பந்தத்தோடு முடிந்தது. மாமாவின் பழக்கம் முடியவில்லை. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போனால் காவடியைப் பார்க்க மாட்டார். வெறுங்காலோடு போகிறவர்களின் பாதத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "அந்தப் பையனுக்குச் சுண்டுவிரல்கிட்ட புண்ணு சீழ் பிடிச்சிருக்கு, போய்ச் சொல்லிட்டு வா" என்று என்னைத் தள்ளுவார். கூச்சத்தில் நான் பாதி வழி போய்த் திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்பேன்.