மேடை வெளிச்சமும் நெற்றித் திருநீறும்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் மேளச்சமாவையும் (நாதஸ்வர, தவில் கச்சேரி), பிறகு இரவு நடந்த இசைக்குழு நிகழ்ச்சியையும் படம் எடுத்தேன். கையில் இருப்பது கனன் கமராவும் அதோடு வந்த 18–55 லென்ஸும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாடகர்களின் முகமெல்லாம் நீலமும் ஊதாவுமாக அப்பிக் கிடக்கிறது, கண் மூக்குத் தெரியவில்லை. தவில்காரரின் கை கலங்கிவிட்டது. சில படங்களில் குறுக்கே கறுப்புக் கோடுகள். பிளாஷ் போட்டிருக்கவேண்டுமா? புதுக் கமரா வாங்கவேண்டுமா?"

பிளாஷ் வேண்டாம். கமராவின் தலையில் இருக்கும் சின்னப் பிளாஷ் சில மீற்றருக்கு மேல் உருப்படியாகப் போகாது. மேடையில் புகை விட்டிருந்தால் அது புகையைத்தான் வெள்ளையாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணை மூடி ஒரு ராகத்துக்குள் இருக்கிறவரின் முகத்தில் வெளிச்சத்தை அடிக்கிற உரிமை எங்களுக்கு இல்லை. புதுக் கமராவும் இப்போதைக்கு வேண்டாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் முகம் ஏன் கரைகிறது என்று பார்ப்போம். கமராவில் வெளிச்சத்தைப் பதியும் சென்சரில் பாதிப் புள்ளிகள் பச்சை நிறத்துக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. பழைய குண்டு பல்புகளின் மஞ்சள் வெளிச்சத்தில் மூன்றுக்கும் ஏதோ கொஞ்சம் கிடைத்தது. இப்போது மேடைகளில் எல்லாம் நிறம் மாறும் எல்இடி பார் லைற்றுகள்தான். அவற்றில் நீலத்தை மட்டும் போட்டால் அங்கே நீலத்தைத் தவிர வேறு நிறமே இல்லை. மூன்று வாளிகளில் ஒன்று நிரம்பி வழிய, மற்ற இரண்டும் கிட்டத்தட்டக் காலியாகக் கிடக்கும் நிலைமை இது. கமராவோ மொத்தத்தைப் பார்த்து "இருட்டாக இருக்கிறதே" என்று நினைத்து இன்னும் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. பின்னால் கறுப்புத் திரை இருந்தால் கேட்கவே வேண்டாம். நிரம்பி வழிந்த நிறத்தில் கன்னத்துக்கும் மூக்குக்கும் இடையில் வித்தியாசம் எதுவும் மிஞ்சாது. பிறகு கணினியில் எவ்வளவு இழுத்தாலும் அது திரும்பி வராது, ஏனென்றால் அது பதிவாகவே இல்லை.

ஆகவே மேடை நிகழ்ச்சியில் படம் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் நீங்கள் பட்டனை அழுத்தும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. எந்த வெளிச்சத்தில் எடுக்கலாம், எதில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும் என்று கண்ணால் பிரித்துப் பார்க்கப் பழகவேண்டும். இதற்கு எங்கள் மேடைகளில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. கலைஞரின் நெற்றியைப் பாருங்கள். பெரும்பாலும் திருநீறும் குங்குமப் பொட்டும் இருக்கும். திருநீறு வெள்ளையாகவும் குங்குமம் சிவப்பாகவும் தெரிந்தால் எல்லா நிறமும் கலந்த வெளிச்சம் விழுகிறது என்று அர்த்தம், தாராளமாக எடுங்கள். குங்குமம் கறுப்பாக மாறினால் அங்கே இருப்பது நீலமோ பச்சையோ மட்டும்தான். பொட்டே காணாமல்போய் நெற்றி முழுக்க ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சிவப்பு மட்டும். இந்த இரண்டு நேரத்திலும் நிறப் படம் எதிர்பார்க்காதீர்கள். சும்மா இருங்கள், அல்லது கறுப்பு வெள்ளையாக மாற்றும் எண்ணத்தோடு எடுங்கள். மேடை லைற் பெரும்பாலும் ஒரு சுற்றாகத்தான் ஓடும். நீலம், ஊதா, சிவப்பு என்று போய், இடையில் வெள்ளையோ மஞ்சளோ கலந்து ஒரு சில விநாடி வரும். ஒரு பாட்டு முழுக்கப் படம் எடுக்காமல் லைற்றை மட்டும் கவனித்தால் அந்தச் சுற்று உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

சரி, செற்றிங்குக்கு வருவோம். மனுவல் மோட். ஒளியளவை ஸ்பொட் முறையில் வைத்து முகத்தில் மட்டும் அளவெடுங்கள். ரோ வடிவத்தில் (சென்சர் கண்டதை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) பதியுங்கள். கமராவே சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும் என்றால் பிறகு திருத்த அதிகம் இடமிருக்காது. வைட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கமராவுக்குச் சொல்லும் அளவு) ஓட்டோவில் விடாமல் 4000 கெல்வின் அளவில் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறமாக வரும். கமராவின் ஹிஸ்டோகிராமில் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றுங்கள். இது மிக முக்கியம். மொத்த ஹிஸ்டோகிராம் "எல்லாம் சரி" என்று சொல்லும்போதே நீலக் கோடு வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் ஒரு ஸ்டொப் (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக) குறையுங்கள், தேவையென்றால் இன்னும் கொஞ்சம். படம் இருட்டாகத் தெரிந்தால் பயப்படவேண்டாம். ரோவில் இருட்டைத் தூக்கலாம், கொஞ்சம் மணல்மணலாக வரும், அவ்வளவுதான். வழிந்துபோனதை எடுக்க வழியில்லை. இன்னொரு சின்ன விஷயம்: அந்த ஹிஸ்டோகிராம் ஜேபெக் முன்னோட்டத்தில் இருந்துதான் வரையப்படுகிறது. அதனால் பிக்சர் ஸ்டைலை (ஜேபெக்கின் நிற அமைப்பு) நியூட்ரலில் வைத்தால் அது சொல்வது உண்மைக்குக் கிட்ட இருக்கும்.

குவியத்துக்கும் அதே நெற்றிதான் உதவும். மங்கல் வெளிச்சத்தில் ஓட்டோ ஃபோகஸ் கன்னத்தில் தடுமாறும், ஆனால் திருநீற்றுக் குறியின் விளிம்பை அல்லது மூக்குக் கண்ணாடிச் சட்டத்தைச் சட்டென்று பிடிக்கும். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது தவில். தவில்மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) வாசித்த மண் இது. கையைச் சரியாகக் காட்டாத தவில் படத்தை இங்கே யாரும் இரண்டாம் தடவை பார்க்கமாட்டார்கள். கூடு (விரலுறை) போட்ட வலது கை விரல்களை முழுதாக உறையவைக்க 1/1000 விநாடி வேண்டும். இரவு மேடையில் அந்த அளவுக்கு வெளிச்சம் கிடைப்பது அரிது. ஆனால் கழி பிடித்த இடது கை மேலே உயர்ந்து திரும்பும் இடத்தில் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்த உச்சியில் 1/320 போதும். முகமும் கழியும் துல்லியமாக இருந்து வலது விரல்கள் மட்டும் கொஞ்சம் அசைந்திருந்தால், என்னைக் கேட்டால், அதுதான் நல்ல படம். வாசிப்பின் வேகம் அதில்தான் தெரிகிறது.

அந்தக் கணத்தை எப்படி முன்கூட்டியே அறிவது? இசையைக் கேட்டால் போதும். தவில்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனம் முடியும் இடத்தில் தீர்மானம் என்ற முடிப்புச் சொற்கட்டு மூன்று முறை வரும். முதலாவது வரும்போது உங்கள் இடத்தையும் கோணத்தையும் சரிசெய்யுங்கள். இரண்டாவதில் வெளிச்சத்தைப் பாருங்கள். மூன்றாவதின் கடைசி அடியில் தொடர் படங்களாக அழுத்துங்கள். அடி விழுந்த பிறகும் விரலை எடுக்காதீர்கள். இரண்டு தவில்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும், நாதஸ்வரக்காரர் தலையை ஆட்டுவதும் அதற்குப் பிறகுதான் நடக்கும். கச்சேரி கேட்டுப் பழகிய ஒருவருக்கு விலைகூடிய கமரா வைத்திருக்கிறவரைவிட நல்ல படம் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

எங்கே நிற்பது என்பதையும் வாத்தியம்தான் சொல்லவேண்டும். நாதஸ்வரத்தை நேர் முன்னால் இருந்து எடுத்தால் குழலின் அகன்ற நுனியான அணசு முன்னுக்கு வந்து முகத்தை மறைக்கும், குழலின் நீளமும் தெரியாது. கொஞ்சம் பக்கவாட்டுக்குப் போங்கள். பாட்டுக்கச்சேரியில் மிருதங்கக்காரர் வழக்கமாகப் பாடகருக்கு வலப்பக்கம் இருப்பார், மிருதங்கத்தின் சிறிய முகமான வலந்தலை சபையைப் பார்த்திருக்கும். வலது கையை எடுக்க முன்வரிசையே போதும். இடது கையால் வலந்தலை வாசிப்பவர் மற்றப் பக்கத்தில் இருப்பார். இசைக்குழுப் பாடகர் மைக்கை எந்தக் கையில் பிடித்திருக்கிறாரோ அதற்கு எதிர்ப் பக்கம் நில்லுங்கள். வாய் மறைந்த பாடகர் படம் வீண்.

குறுக்குக் கோடுகளுக்குக் காரணம் உங்கள் கமராவின் பழுது அல்ல. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதில் ஓடும் சாதாரண லைற்றுகளில் பல விநாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். மேடை எல்இடிகள் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகத் தாமே இன்னும் வேகமாக அணைந்து எரியும். பின்னால் இருக்கும் பெரிய எல்இடி திரை வரிசை வரிசையாகப் புதுப்பிக்கப்படும். கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. வேகமான ஷட்டருக்குத் தெரியும். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரில் இது மிக மோசமாக வரும், ஏனென்றால் அது சென்சரை மேலிருந்து கீழாக ஆறுதலாக வாசிக்கிறது. ஆகவே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். கோடு அப்போதும் வந்தால் 1/100க்கு இறங்குங்கள். பாடகர் ஒரே இடத்தில் நின்று பாடும்போது அது போதும். உங்கள் கமராவில் பிளிக்கர் (வெளிச்சத் துடிப்பு) குறைக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், ஆனால் அது 100 ஹேர்ட்ஸ் துடிப்புக்குத்தான் உதவும், எல்இடியின் வேகத் துடிப்புக்கு உதவாது. எல்இடி திரையைப் பொறுத்தவரை, அது படத்துக்குள் வராத கோணத்தைத் தேடுவதுதான் என் வழக்கம்.

இப்போது, புதுக் கமராவைவிட முதலில் வேண்டியது: லென்ஸ். உங்கள் 18–55ஐ 55இல் வைத்தால் எஃப்/5.6க்கு மேல் திறக்காது (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிதாகும்). எஃப்/1.8 திறக்கும் ஒரு 50 மில்லிமீற்றர் லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். அதே மேடையில் ஐஎஸ்ஓ (சென்சரின் உணர்திறன்) 12800 கேட்ட இடத்தில் 1600க்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். கனனின் சிறிய சென்சர் கமராவில் அது 80 மில்லிமீற்றர் போல வேலை செய்யும். கோயில் மேடைக்கு முன்னால் நிலத்தில் இருந்து எடுக்க அளவான தூரம். லென்ஸ்களில் விலை குறைந்த வகை அதுதான், பாவித்ததும் கிடைக்கும். யாழ்ப்பாணம் முற்றவெளி போன்ற திறந்த வெளியில் தூரத்தில் நின்று எடுக்கவேண்டிய பெரிய நிகழ்ச்சி என்றால் மட்டும் 70–200 எஃப்/2.8ஐ ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். 50 மில்லிமீற்றரில் தொடக்கத்துக்கு எஃப்/2, 1/250, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து, முகத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டு போங்கள்.

வீட்டில் திருத்தும்போது முதலில் திருநீற்றில் மென்பொருளின் வைட் பேலன்ஸ் குச்சியை (நிறம் தொட்டெடுக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். மெல்லிய பூச்சு என்றால் தோலின் நிறம் கலந்திருக்கும், தடித்த இடமாகத் தேடுங்கள். வேட்டியில் வைக்காதீர்கள், சலவைத் தூளில் இருக்கும் வெண்மையூட்டி ஊதா வெளிச்சத்தில் தானே ஒளிரும், நிறம் தப்பிப்போகும். நீல வெளிச்சத்தில் வழியவிடாமல் எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீல நிறத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் கன்னத்தின் வடிவம் திரும்ப வரும். மணல்மணலாக இருப்பதை முழுதாக வழிக்கவேண்டாம், முகம் மெழுகாகிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் உதவக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, அதற்குக் கமராவே தேவையில்லை. லைற் போடுகிற தம்பியோடு பேசுங்கள். பாவம், அவரிடம் வந்து யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் மகிழ்ச்சியாகச் செய்வார். "முன்னாலே இரண்டு பார் லைற்றை இளமஞ்சள் வெள்ளையில் முகத்துக்கு விடுங்கோ, பின்னாலே உங்களுக்கு விரும்பின நிறம் போடுங்கோ" என்று சொல்லுங்கள். பின்னால் நீலம், முன்னால் வெள்ளை என்றால் மேடையின் அழகும் கெடாது, முகமும் தெரியும். தனியாவர்த்தனம் நடக்கும்போது லைற்றை ஓடவிடாமல் ஒரே நிலையில் நிறுத்தச் சொல்லுங்கள். நிகழ்ச்சி தொடங்கிய பிறகு போனால் அவருக்கு நேரமிருக்காது. பின்னேரம் மைக் சோதிக்கும்போதே போய்விடுங்கள், நிற்கிற இடத்தையும் கோயில் நிர்வாகத்திடம் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தத் தம்பிக்கும் இரண்டு படம் அனுப்புங்கள், அடுத்த திருவிழாவுக்கும் அவர்தான் வருவார்.