ஊர்விட்டு வரும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி - பதில்

குழந்தைகள் உரிமை வழக்குகளை நடத்துபவன் என்பதால், வெளி மாநிலங்களிலிருந்து சென்னைக்கு வரும் பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிக் கேட்கிறீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சென்ட்ரலில் ஹவுரா ரயிலிலிருந்து இறங்கிய ஏழெட்டுப் பையன்கள் ஒரே ஆளின் பின்னால் போனார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள். தப்பாக நினைத்துவிட்டோமோ என்று பேசாமல் வந்துவிட்டேன். என்ன செய்திருக்கலாம்? (சூளைமேடு)

அடுத்த முறை யோசிக்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். 2023 முதல் இந்தச் சேவையை அரசே நடத்துகிறது. ஸ்டேஷனுக்குள் என்றால் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலரிடம் சொன்னாலே போதும். எந்த ரயில், எந்த பிளாட்பாரம், எந்தப் பக்கம் போனார்கள் என்று சொல்லுங்கள். ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையல்ல. அந்த ஆளை நீங்களே மடக்காதீர்கள், உஷாராகிவிடுவான். "மாமாகூட வந்தோம்" என்று பையன்களே சொல்லலாம். சொல்லிக்கொடுத்துத்தான் கூட்டி வருகிறார்கள். ஆதார் நகல்களை வாங்கிப் பார்த்தால் வரிசையாக எல்லோருக்கும் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருப்பதுண்டு. அதை மட்டும் வைத்து வயதை முடிவு செய்ய முடியாது. பள்ளிச் சான்று, அது இல்லையென்றால் பிறப்புச் சான்று, இரண்டுமே இல்லாதபோதுதான் மருத்துவப் பரிசோதனை என்று சட்டமே வரிசை வைத்திருக்கிறது. இன்னொன்று, பிள்ளைகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மீட்கப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

கேள்வி: பட்டறையிலிருந்து மீட்ட பிள்ளைகளை உடனே ஊருக்கு அனுப்பாமல் ஏன் ஹோமில் வைத்திருக்கிறார்கள்? (சவுகார்பேட்டை)

உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அவசரப்பட்டு அனுப்பிய பிள்ளை அதே ரயிலில் திரும்பி வருவதுதான் இதில் பெரிய ஆபத்து. மீட்ட 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் (பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி, சொந்த மாவட்டத்துக் குழுவைக் கலந்து பேசித்தான் அனுப்ப முடியும். அங்கே ஒருவர் வீட்டுக்கே போய் விசாரிக்க வேண்டும். அப்பா வாங்கிய முன்பணம் அடைந்துவிட்டதா? பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? அனுப்பிவைத்தவரே சித்தப்பாவா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராமல் எஸ்கார்ட் போலீஸோடு ரயிலேற்றினால், போய்ச் சேருவது பிள்ளை மட்டும்தான். கடன் அப்படியே இருக்கும், ஏஜெண்டும் அங்கேயேதான் இருப்பான்.

தாமதம் எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து கடிதம் போகும், அங்கிருந்து பதில் வராது. அல்லது வங்காள மொழியில் வந்த பதிலை இங்கே படிக்க ஆள் இருக்காது. மாநில எல்லையில் ஃபைல் நின்றுவிடுகிறது. கொத்தடிமையாக வேலை வாங்கியிருந்தால் விடுவிப்புச் சான்றிதழை (கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கு அரசு தரும் சான்று) மீட்ட இடத்திலேயே கேட்டு வாங்குங்கள். உடனடி உதவித்தொகை 30,000 ரூபாய் வரை உண்டு. சான்றிதழ் இல்லாமல் ஊர் திரும்பிய பிள்ளைக்காக அதைப் பிறகு வாங்குவது பெரும்பாடு. என்னைக் கேட்டால், பிள்ளை அங்கே பள்ளியில் உட்கார்ந்துவிட்டது என்று தெரியும்வரை சென்னை ஃபைலை மூடவே கூடாது.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பக்கத்துச் செங்கல் சூளையில் ஒடிசா பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதி வருஷத்தில், டி.சி., ஆதார் எதுவும் இல்லாமல் சேர்க்கலாமா? (திருவள்ளூர் பக்கம், ஆசிரியை)

தாராளமாகச் சேர்க்கலாம், டீச்சர். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். உங்கள் மாவட்டத்துச் சூளைகளில் ஒடியாவிலேயே பாடம் நடந்திருக்கிறது, புத்தகங்கள் ஒடிசாவிலிருந்து வந்தன. பெற்றோர் சூளைக்குக் கிளம்பும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசா அரசு பருவகால விடுதிகள் நடத்துகிறது. இரண்டு அரசுகளும் மனது வைத்தால் நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி. சூளை முடிந்து அவர்கள் கிளம்பும்போது பிள்ளை என்ன படித்தது என்று ஒரு தாளில் எழுதி, பள்ளி முத்திரை வைத்து அம்மா கையில் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: தெரிந்த ஓட்டலில் ஒரு நேபாளப் பையன், 16 வயதாம். வெளிநாட்டுப் பையனுக்கு நம் சட்டம் பொருந்துமா? (துரைப்பாக்கம்)

பொருந்தும். பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் நலக் குழு பார்த்துக்கொள்ள வேண்டும். 1950 ஒப்பந்தப்படி நேபாளிகள் இங்கே வர விசா வேண்டாம், அதனால் அவன் சட்டவிரோதமாக வந்தவன் என்று பயப்பட வேண்டாம். சம்பளத்தைப் பிடித்து வைத்திருந்தாலோ வெளியே விடாமல் வைத்திருந்தாலோ 1098-க்குச் சொல்லுங்கள். "அவனே இஷ்டப்பட்டுத்தான் வந்தான்" என்ற பேச்சு எடுபடாது.

தெற்காசியக் கூட்டமைப்பான சார்க்கின் நாடுகள் 2002-இல் காத்மாண்டுவில் இரண்டு உடன்படிக்கைகள் செய்தன. ஒன்று குழந்தைகள் நலனுக்கு, இன்னொன்று கடத்தலுக்கு எதிராக. ஆனால் இரண்டாவது, பாலியல் தொழிலுக்காகக் கடத்துவதை மட்டுமே பேசுகிறது. பட்டறைக்கும் ஓட்டலுக்கும் கொண்டுவரப்படும் பையன்கள் அதில் விடுபட்டுவிட்டார்கள். 2014-க்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடாததால், திருத்தவும் வழியில்லாமல் கிடக்கிறது. தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகளோ 2019-இல் புலம்பெயரும் குழந்தைகளின் உரிமைகளுக்கென்றே தனிப் பிரகடனம் கொண்டுவந்தன. அதுபோன்ற ஒன்று தெற்காசியாவுக்கு உடனே வேண்டும்.

கேள்வி: அகதி முகாமில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைக்குமா? (கும்மிடிப்பூண்டி)

கிடைக்கும். இந்த மண்ணில் நடக்கும் எல்லாப் பிறப்பையும் பதிய வேண்டும். 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள். குடியுரிமை வேறு விஷயம், அதற்காக இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு 19 வயது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்டாகப் போனால் போதும் என்கிறார் ஏஜெண்ட். அனுப்பலாமா? (வியாசர்பாடி)

வேண்டாம், தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2022-இல் இப்படித் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளைத்தான் எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 18 தாண்டிவிட்டதால் நலக் குழுவும் கைகொடுக்க முடியாது. ஏஜெண்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று, வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சென்னையிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். லைசென்ஸ் உள்ளவரே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதோடு போலீஸில் புகார் கொடுங்கள். போனால் போகட்டும் பணம், பையனின் பாஸ்போர்ட்டை மட்டும் இன்றைக்கே ஏஜெண்டிடமிருந்து திருப்பி வாங்கிவிடுங்கள்.