மூச்சை இழுக்கும்போது நாடி வேகமாகிறது என்றால்

மூச்சை உள்ளே இழுக்கும்போது நாடி வேகமெடுத்து, விடும்போது மெதுவாகிறது, இது நோயா என்று கேட்கிறீர்கள். உங்கள் 22 வயதில் அது பெரும்பாலும் நோயில்லை, ஆரோக்கியமான இதயம் துடிப்பதே அப்படித்தான்.

காரணம், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு. இதயத்துக்கு பிரேக் மாதிரி அது. மூச்சு உள்ளே போகும்போது பிடி கொஞ்சம் தளரும், வெளியே விடும்போது மறுபடி இறுகும். இளவயதினருக்கும் தினம் ஓடுகிறவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும், வயதாக ஆக மங்கிவிடும்.

ஒன்று செய்து பாருங்கள். உட்கார்ந்துகொண்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரலை வைத்து (கட்டைவிரலால் பார்க்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பிவிடும்) 5 வினாடி இழுங்கள், 5 வினாடி விடுங்கள். அப்புறம் பாதி மூச்சில் ஒரு 10 வினாடி நிறுத்துங்கள். துடிப்பு சீரானால் மூச்சுதான் காரணம்.

ஆனால் மூச்சோடு சம்பந்தமே இல்லாமல் தாறுமாறாக ஓடினாலோ, தலைசுற்றல், மயக்கம், நெஞ்சுவலி கூடவே வந்தாலோ விரலை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்கள்.